பத்து லட்சம் இருந்தும் ஏழை!

பர்ஸில் 10 லட்சம். ஆனாலும் ஹனாய் தெருவோர சூப் கடையில், குழந்தைகள் உட்காருகிற சைஸ் பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்தபடி ‘உட்காரலாமா, வேண்டாமா?’ என்று தயங்கிக்கொண்டிருப்பார் நம்ம ஆள். கஞ்சத்தனம் இல்லை சார்! 10 லட்சம் வியட்நாம் டாங் என்றால் நம்ம காசுக்கு 3,500 ரூபாய் பக்கம். ஊர் திரும்ப இன்னும் நாலு நாள் இருக்கிறது.

லீவைச் சேர்த்து வைத்து, முதுகில் பையை மாட்டிக்கொண்டு வியட்நாம் கிளம்புகிற ஆபீஸ் இளைஞர்கள் இப்போது நிறைய. ஈ-விசாவுக்கு 25 டாலர்தான். பொது அறையில் ஒரு கட்டில் 500-லிருந்து 1,000 ரூபாய்க்குள். ஒரு பெரிய கிண்ணம் ‘ஃபோ’ சூப் 50 ஆயிரம் டாங், அதாவது 175 ரூபாய். (சைவர்கள் ‘சாய்’ என்று போர்டு போட்ட கடையைத் தேடவும். டீக்கடை என்று நினைத்துவிடாதீர்கள், வியட்நாம் மொழியில் ‘சாய்’ என்றால் சைவம்!)

இவ்வளவு மலிவான ஊரில் பணம் எப்படிக் காணாமல் போகிறது?

முதல் திருடன் பூஜ்யம். 1986-ல் அங்கே விலைவாசி ஒரே வருஷத்தில் 700 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. அந்தக் காலம் போய்விட்டது, பூஜ்யங்கள் மட்டும் போகவில்லை. அதனால் ஊர்க்காரர்களே கடைசி மூன்று பூஜ்யத்தை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள். மெனு கார்டில் ‘50’ என்று இருந்தால் 50 ஆயிரம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூன்று பூஜ்யத்தை அடித்துவிட்டு மிச்சத்தை மூன்றரையால் பெருக்கினால் ரூபாய் வந்துவிடும். கிளம்பும் அன்றைய ரேட்டைப் பார்த்து அந்த மூன்றரையை மட்டும் சரி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது திருடன் நீலச் சட்டை போட்டவன். 20 ஆயிரம் நோட்டும் நீலம், 5 லட்சம் நோட்டும் நீலம். இரண்டிலுமே ஹோ சி மின் தாடியோடு நம்மைப் பார்க்கிறார். ராத்திரி மங்கல் வெளிச்சத்தில் 70 ரூபாய் கொடுப்பதாக நினைத்து 1,750 ரூபாயை நீட்டுகிறவர்கள் உண்டு. பின்பக்கம் திருப்பினால் வித்தியாசம் தெரியும். 20 ஆயிரத்தில் ஹோய் ஆன் ஊரின் கூரை போட்ட பாலம், 5 லட்சத்தில் ஹோ சி மின் பிறந்த ஊர் வீடு. ஓடுகிற பைக்குகளுக்கு நடுவே நின்று இதையெல்லாம் யார் ஆராய்ச்சி பண்ணுவது? பேசாமல் 5 லட்சம் நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது ஆள் நம் சொந்த கார்டு. வெளிநாட்டில் தேய்த்தால் மூன்றரை சதவிகிதம் வரை கட்டணம் பிடிக்கிற கார்டுகள் இங்கே பல. 10,000 ரூபாய்க்கு 350, அதன்மேல் ஜி.எஸ்.டி. 63, ஆக 413 ரூபாய். இரண்டு கிண்ணம் சூப் குடிக்காமலே ஆவியாகிவிட்டது! போதாததற்கு, ‘ரூபாயிலேயே கழித்துக்கொள்ளட்டுமா?’ என்று மெஷின் ரொம்பப் பாசமாகக் கேட்கும். ‘வேண்டாம் தாயே, டாங்கிலேயே எடு’ என்று பட்டனைத் தட்டவும். பாசத்துக்கு அது வைத்திருக்கிற ரேட் தனி.

இதெல்லாம் தெரிந்தவர்களும் பத்தாவது நாள் விழிக்கிறார்கள். கணக்கு எழுதாததால் அல்ல, தப்பான கணக்கு எழுதுவதால். ‘இன்று சூப் 50, காபி 30’ என்று பால் கணக்கு மாதிரி எழுதிக்கொண்டே போவார்கள். கூட்டிப் பார்த்தால் எவ்வளவு போச்சு என்று தெரியும். போனது போச்சு, அதை வைத்து என்ன செய்ய? ராத்திரி படுக்குமுன் ஒரே ஒரு வகுத்தல் போதும். கையில் மிச்சம் எவ்வளவு, அதை மிச்ச நாளால் வகு.

டிக்கெட், விசா போக 14 நாளுக்கு 42,000 ரூபாய் என்று வையுங்கள். நாளுக்கு 3,000. நம்ம ஆள் தினம் 850 ரூபாய் கூடுதலாக விட்டார். ஐந்தாம் நாள் வகுத்துப் பார்த்திருந்தால் நாளுக்கு 2,528 வந்திருக்கும். நாலு காபியைக் குறைத்து, டாக்ஸியை விட்டு பஸ் ஏறினால் சரிக்கட்டிவிடலாம். அவர் பார்த்ததோ பத்தாம் நாள். நாளுக்கு 875 ரூபாய்! கட்டிலுக்குக் கொடுத்தால் சூப் இல்லை.

ரயில் டிக்கெட் மாதிரிப் பெரிய செலவுகளை மட்டும் இதில் கலக்காதீர்கள். ஹனாயிலிருந்து டா நாங் 791 கிலோமீட்டர், ஸ்லீப்பருக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாங். அதை ஒரே நாள் தலையில் கட்டினால் பயந்துபோய் மறுநாள் பட்டினி கிடப்பீர்கள். முதல் நாளே ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை வகுக்க வேண்டும். ராத்திரி ரயில் என்றால் ஒரு கட்டில் வாடகையும் மிச்சம்.

நண்பர்களோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘எல்லாம் ஊருக்கு வந்து பார்த்துக்கலாம் மச்சி’ என்பவனை நம்பாதீர்கள். பார்க்கவே மாட்டான்! ஆளுக்கு 5 லட்சம் டாங் போட்டுப் பொதுப் பை ஒன்று வையுங்கள். ரூம், டாக்ஸி, தண்ணீர் அதிலிருந்து. பீர் அவரவர் பர்ஸிலிருந்து. மூணு பேர் பீர் அடிக்க, லெமன் ஜூஸ் குடித்தவனும் சம பங்கு கொடுப்பது என்ன நியாயம்? வாயைத் திறந்து கேட்க மாட்டான், ஆனால் ஆபீஸில் அடுத்த ஆறு மாசத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான்.

மிச்ச டாங்கை இங்கே கொண்டுவந்து மாற்றுவது பெரும்பாடு, அங்கேயே தீர்த்துவிடுங்கள். 2 ஆயிரம் டாங் நோட்டு நாலைந்து மட்டும் பத்திரமாக எடுத்து வாருங்கள். மேனேஜருக்கு ஒன்று நீட்டினால், ‘அட, ரெண்டாயிரமா! எதுக்குப்பா இவ்வளவு?’ என்று கூச்சத்தோடு வாங்கிக்கொள்வார். ஏழு ரூபாய் என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம்.