முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

"ஆளைப் பார்த்தாலே தெரியுது, திருட்டு முழி!" தாமல் ஏரிக்கரையிலும் சரி, காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலும் சரி, புது ஆளைப் பற்றி இப்படித் தீர்ப்புச் சொல்ல அரை நிமிடம் போதும். மறுத்துக் கேட்டால், அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று பழமொழியைச் சாட்சிக்கு இழுப்பார்கள்.

பழமொழி பொய்யில்லை. கோபத்தையும் பயத்தையும் முகம் காட்டிக்கொடுக்கும். திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரம் பேசுவதும் அப்போதைக்கு மனத்தில் ஓடுவதைப் பற்றித்தான். ஒருவர் நாணயமானவரா என்பது வேறு கேள்வி.

"பத்துப் பேருக்கும் ஒரே மாதிரித் தோன்றுகிறதே?" தோன்றும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸும் டோடரோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் முகத்தைக் காட்டியதுமே பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது, எடுத்த முடிவின் மேல் நம்பிக்கைதான் கூடியது. எல்லோரும் ஒத்துப்போவதால் அது சரியாகிவிடாது. தமிழ்நாடே திட்டித் தீர்த்த திரை வில்லன் எம்.என். நம்பியார், சபரிமலைக்குப் பக்தர்களை அழைத்துச் சென்ற குருசாமி.

விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. குற்றவாளிக்குத் தனி முகவெட்டு இருக்கிறது என்று இத்தாலியின் லொம்பிரோசோ 1876-இல் புத்தகமே போட்டார். இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை ஆராய்ந்து, அப்படியொரு வகையே இல்லை என்று 1913-இல் எழுதினார். (இடைப்பட்ட காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கை அளந்துகொண்டிருந்தார்.)

கடைசியாக வருவது, "நம் முன்னோர் முகம் பார்த்தே ஆளை எடைபோட்டவர்கள்." அந்த முன்னோர் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் எழுதி வைத்ததைப் படிக்கலாமே! முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டிய கல்வெட்டு அது. ஊர்ச் சபையின் வாரிய உறுப்பினராக வயது 35 முதல் 70 வரை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குக் குடவோலைத் தேர்வில் இடமில்லை. அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகளுக்கும், மாமன், மாமனாருக்கும்கூட இல்லை! மனத்தூய்மையும் வேண்டும் என்கிறது கல்வெட்டு. அதை மூக்கின் வளைவில் தேடச் சொல்லவில்லை. பெண்களுக்கு இடம் தராத பிராமணர் சபைதான் அது, குறை இல்லாமலில்லை. ஆனால் ஊர்ப் பொதுப்பணத்தை ஒப்படைக்கும் இடத்தில் அது கேட்டது கணக்கை.

சீட்டு நடத்துகிறவரின் சிரித்த முகத்தை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டுச் சிட் நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்தாக வேண்டும். பணத்தைக் கொடுக்கும் முன் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.