தாயின் தலையில் ஏற்றிய பழி

பிள்ளை பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: “பெற்றவள் வேலைக்குப் போனாள், பிள்ளையைக் கொஞ்சி வளர்க்கவில்லை!”

இப்பழியை உற்றார் மட்டுமா சுமத்தினர்? சிகாகோவில் சிறப்புப் பள்ளியொன்றை நடத்திய புருனோ பெட்டல்ஹைம், பெற்றோரின் வெறுப்பே பிள்ளையை ஆட்டிசத்துள் தள்ளுகிறது என 1967இல் நூலே எழுதினார். அத்தகைய தாயைக் குளிர்பதனப் பெட்டி என்று அழைப்பதும் அந்நாளைய வழக்கு. ஈன்றவளைப் பெட்டியாக்கியதற்கு அறிவியல் என்று பெயராம்! இது மூளை சார்ந்த குறைபாடே என்று 1964இலேயே பெர்னார்ட் ரிம்லண்ட் எழுதியிருந்தார். அதன் பின்னும் பெட்டல்ஹைம் தம் கொள்கையை விட்டாரில்லை.

மூளையையே பார்த்தவர்கள் கண்டதென்ன? 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஆட்டிசமுள்ள அண்ணனோ அக்காளோ உடைய 106 குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. படங்களால் ஆராய்ந்தது. அவர்களுள் 15 பேருக்கு 24ஆம் மாதத்தில் ஆட்டிசம் உறுதியாயிற்று. அப்பதினைவருக்கும், 6ஆம் மாதத்திற்கும் 12ஆம் மாதத்திற்கும் இடையிலேயே மூளைப் புறணியின் பரப்பு அளவுமீறி விரிந்திருந்தது; அடுத்த ஆண்டில் மூளையின் பருமனும் மிகுந்தது. இதைக் கேட்டதும் அளவு நாடாவோடு பாலர் பள்ளிக்கு ஓடிவிட வேண்டாம். உடலளவை மிஞ்சிப் பெருத்த மூளை, ஆட்டிசமுள்ள பாலருள் ஒரு சிறுபகுதியினரிடமே காணப்படுகிறது.

தாயின் குளிர்ந்த நெஞ்சமே காரணம் என்போர் ஒன்றுக்கு விடை கூறட்டும். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் வந்த அதே வீட்டில், அதே தாயின் மடியில் வளர்ந்த எஞ்சிய 91 பேர் எவ்வாறு தப்பினர்?