தாலியை அடகு வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்!

"அரசாங்கக் காப்புறுதியை ஏற்றுக்கொள்ளும் அறுவை சிகிச்சை நிபுணர் பினாங்கில் யாராவது இருக்கிறாரா சார்?"

என் அலுவலகத்துக்கு வந்த ஓர் அம்மா கேட்டார். துப்புரவு வேலை. முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. தனியார் மருத்துவமனை ஒன்று கேட்ட முன்பணத்துக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கக் கிளம்பியிருந்தார்.

வாசகர்களே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அட்டையைக் காட்டினால் எந்தத் தனியார் மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளக்கூடிய பொதுக் காப்புறுதி நம் நாட்டில் இல்லை. மேடானிலிருந்து விமானம் ஏறி வரும் நோயாளிக்குத் திறக்கும் ஜார்ஜ்டவுன் தனியார் மருத்துவமனைகள், பக்கத்துத் தெருப் பாட்டாளிக்கு எட்டாக்கனிதான்!

நமக்கான நிபுணர் பினாங்கு பொது மருத்துவமனையில் இருக்கிறார். குடிமக்கள் அவரைப் பார்க்க 5 ரிங்கிட்தான். (இங்கேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள் வெளிநாட்டவர் கட்டணம் கட்டும் கொடுமை தனிக்கதை!) காத்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் நம்மவர்களை விரட்டுவது காத்திருப்பு மட்டுமல்ல. அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் குறைவு. செயற்கை மூட்டு, இதயக் குழாய்க்கான ஸ்டென்ட் போன்றவற்றையோ நோயாளியே வாங்க வேண்டி வரும். அந்த விலையைக் கேட்டதும் பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இதற்கும் உதவும் 'பெக்கா பி40' திட்டம் 2019-இல் வந்தது. எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் 40 வயதைக் கடந்தவருக்கும், அதே வயதை எட்டிய அவர் துணைக்கும் மருத்துவக் கருவிக்காக 20,000 ரிங்கிட் வரை கிடைக்கும். விண்ணப்பம் அரசாங்க மருத்துவமனை வழியாகவே போகும். ஆகவே விலைச்சீட்டு கைக்கு வந்ததும், "எனக்கு பெக்கா பி40 கிடைக்குமா?" என்று கேளுங்கள். தகுதி இல்லை என்றால், அதே மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்குப் போய் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி பற்றிக் கேளுங்கள்.

வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டதா? அது 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவின் பொறுப்பு. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவித்தாக வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்றால் விடாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா? விலைச்சீட்டோடு உதவித் திட்டத்தின் விவரமும் தமிழில் நோயாளி கைக்கு வர வேண்டும். நாம் கேட்பது பிச்சையல்ல. நம் வியர்வையிலும் வரியிலும் ஓடும் மருத்துவமனை அது!

அந்த அம்மா இப்போது பொது மருத்துவமனையின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார். தாலிக்கொடி அவர் கழுத்தில் இருக்கிறது.