வில்வ மரத்துக்கு மருந்து அடிக்கிறதை நிறுத்திக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிரதோஷத்துக்கு வந்து வில்வப் பிரசாதம் வாங்கிட்டுப் போகிற எல்லாரும் கடைசி வரைக்கும் படிக்கணும்னு கேட்டுக்கிறோம்.

புதன்கிழமை காலைப் பூசை முடிஞ்ச பிறகு, ஆலயத்துப் பின்பக்கம் ஏழெட்டுப் பிள்ளைங்க பாய் விரிச்சு உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் ஏதோ வரைஞ்சிக்கிட்டு இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீங்க. "பள்ளிக்கூட நேரத்துல இதுங்களுக்கு இங்க என்ன வேலை?"ன்னு எங்க காதுபடவே கேட்டவங்களும் உண்டு. அவங்க வீட்டுக் கல்வி, அதாவது ஹோம்ஸ்கூல் படிக்கிற பிள்ளைங்க. நம்ம நாட்டில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டில் வைத்துப் படிக்க வைக்க விதிவிலக்கு வாங்கணும். அது பெற்றோர் பார்த்துக்கொள்கிற விஷயம். எங்களிடம் அவங்க கேட்டது ஒரு மர நிழலும், குடிக்கத் தண்ணியும்தான்.

அவங்க செய்யறது இவ்வளவுதான். ஒரு மரத்தையோ செடியையோ கால் மணி நேரம் பேசாமல் பார்க்கணும். பிறகு தேதி, மழையா வெயிலா, கண்ணால் பார்த்தது, மனசில் வந்த கேள்வி எல்லாத்தையும் எழுதி, பக்கத்தில் படம் வரையணும். அழகா வரையணும்னு இல்ல. இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) என்கிற ஆசிரியை, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய் இப்படித்தான் நோட்டு எழுத வைத்தாராம். பிள்ளைங்களோட வருகிற ஒரு அம்மா சொன்னாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றோம்.

மூன்று மாதத்துக்கு முன்னே எட்டு வயசுப் பையன் ஒருத்தன் வில்வ இலையை வரைஞ்சு, அது மேல கறுப்பும் வெள்ளையுமா ஒரு கறை போட்டிருந்தான். கீழே எழுதியிருந்தது: "குருவி எச்சம்னு நினைச்சேன். நகர்ந்துச்சு." நாங்க போய்ப் பார்த்தோம். புழு. எங்களுக்கு உடனே தோணினது என்னன்னா, மருந்து அடிக்கணும். பல வருஷமா அப்படித்தான் செஞ்சிக்கிட்டு இருந்தோம். ஓட்டை விழுந்த இலையை அர்ச்சனைக்கு எடுக்கக்கூடாது இல்லையா?

அந்தப் பையன், "அண்ணா, அடுத்த புதன் வரைக்கும் விடுங்களேன், நான் இன்னும் முடிக்கல"ன்னான். சரின்னு விட்டோம். அடுத்த வாரம் எச்சம் மாதிரி இருந்தது பச்சைப் புழுவா மாறியிருந்தது. குச்சியால் லேசா தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும். அதில் ஒரு நாற்றம் வேற. மூணாவது வாரம் இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது. நாலாவது வாரம் காலிக் கூடு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அது. எலுமிச்சை இனத்துச் செடியிலதான் முட்டை போடும், வில்வமும் அந்தக் குடும்பம்தான். பதினொரு புழுவை எண்ணி எழுதியிருந்தாங்க, கூடானது மூணே மூணு. மிச்சத்தை எறும்பும் மைனாவும் கொண்டு போச்சு. ஒரு சின்னப் பொண்ணு அழுதுட்டா. அதையும் தன் நோட்டில் எழுதி வச்சிருக்கா.

நாங்க எத்தனையோ வருஷம் அந்த மரத்தடியில் கூட்டிப் பெருக்கியிருக்கிறோம். ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கினதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், நம்ம கையில் மட்டும் மருந்து டப்பா.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த மருந்து அடிச்ச இலையைத்தான் உங்களுக்குப் பிரசாதமா கொடுத்தோம். கழுவித்தான் கொடுத்தோம். ஆனா வீட்டுக்கு எடுத்துப்போய் மென்று சாப்பிடுகிறவங்க இருக்கீங்க, பிள்ளைகளுக்கும் கொடுக்கிறீங்க. இதை நாங்க முன்னாடியே யோசித்திருக்கணும். மன்னிக்கணும்.

பூ கட்டுகிற அக்கா ஒருத்தர், "அப்போ சாமிக்கு எலை வேணாமா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, சிவராத்திரிக்கு எவ்வளவு இலை போகுதுன்னு அவங்களுக்குத்தானே தெரியும். பிள்ளைங்க நோட்டைப் புரட்டினதில் ஒன்று கவனிச்சோம். புழு பெரும்பாலும் இளந்தளிரைத்தான் தின்னுது, முற்றின இலையில் ஓட்டை குறைவு. நம்மிடம் இரண்டு மரம் இருக்கு. மடப்பள்ளிப் பக்கத்து மரம் அர்ச்சனைக்கு, மதில் ஓரத்து மரம் புழுவுக்கு. மடப்பள்ளி மரத்தில் புழு வந்தால் பிள்ளைகளே காகிதத்தில் ஏந்தி மதில் ஓரத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்காங்க. மருந்து இரண்டுக்குமே வேண்டாம். இலை பத்தாத நாளில் வழக்கம்போல் வெளியே வாங்கிக்கலாம், அது ஒன்றும் புதுசு இல்லை.

போன மாதம் அவங்களைப் பத்துமலைக்கும் கூட்டிப் போனோம். 272 படியை மூச்சுப் பிடிச்சு ஏறி இறங்குகிற நமக்கு, அது சுண்ணாம்புக்கல் மலைன்னு நினைப்பே வருவதில்லை. பிள்ளைங்க ஏழாவது படியிலேயே உட்கார்ந்து பாறை இடுக்கில் முளைச்ச செடியை வரைய ஆரம்பிச்சிட்டாங்க. மேலே போய்ச் சேர மதியமாச்சு! அந்த மலைக் குகையில் வாழ்கிற அரிய சிலந்தி ஒன்றுக்கு அறிவியல் பெயரே பத்துமலையை வைத்துத்தான், லிஃபிஸ்டியஸ் பாத்துயென்சிஸ். பத்து வயசுப் பிள்ளை சொல்லி நாங்க தெரிஞ்சுக்கிட்டோம். வருஷா வருஷம் காவடியோடு போகிறவங்க நாங்க.

வர்ற ஞாயிறு நிர்வாகக் கூட்டத்தில் இந்த மருந்து விஷயத்தை வைக்கப் போகிறோம். பின்பக்கத்துக்குச் சிமெண்டு போட்டுக் காடி நிறுத்த இடம் பண்ணலாம்னு ஒரு பேச்சும் அடிபடுது. அதுவும் அன்றைக்கே வரும்போல. கருத்து உள்ளவங்க, எங்களோடு ஒத்துப்போகாதவங்களும்தான், காலை பசியாறிட்டு 10 மணிக்கு மண்டபத்துக்கு வாங்க. பிள்ளைங்க நோட்டெல்லாம் மேசையில் இருக்கும், எடுத்துப் பார்க்கலாம்.

திருச்சிற்றம்பலம்.