வேட்பாளருக்கு உச்சவரம்பு, திறைசேரிக்கு?

2023 ஜனவரியில் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேட்பாளரின் செலவுக்கு வரம்பு வந்தது. சில வாரங்களில், மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலே நின்றுபோனது. சுமார் 1,000 கோடி ரூபா தேவைப்பட்ட தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடுவிக்கவில்லை. இது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2024 ஆகஸ்ட் 22. வாக்களித்ததோ 2025 மே 6 இல்.

அதுவரை வெள்ளவத்தையில் வடிகான் அடைத்தாலும் கேள்வி கேட்க மாநகர சபை உறுப்பினர் இல்லை. வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு இது புதிதல்ல. புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று பிரதேச சபைகளுக்குப் போர் முடிந்த பின்னும் 2018 வரை தேர்தல் நடக்கவில்லை.

2023 வேட்புமனுக்கள் பின்னர் சட்டம் போட்டு இரத்துச் செய்யப்பட்டன. அச்சடித்த துண்டுப்பிரசுரம் குப்பைக்குப் போனது. பெரிய கட்சிகள் இதைத் தாங்கும். நகை அடகு வைத்து இறங்கிய சுயேச்சைக் குழு தாங்குமா? புதிய சட்டம் மேல் வரம்பை மட்டுமே சொல்கிறது. பணமில்லாதவருக்குக் கைகொடுக்க அதில் ஒன்றுமில்லை. ஆகவே அவர் காலி வீதிக் கடைகளின் படியேறுகிறார். அங்கே கைமாறும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதி நான் கண்டதில்லை. அடையாளம் தெரியாதவரின் நன்கொடையைச் சட்டம் தடுத்திருக்கிறது என்பது வேறு கதை.

முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவறிக்கை கொடுக்க வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்வையிடலாம். உங்கள் வட்டார உறுப்பினருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.