நிரந்தரம் யாருக்கு?

2021 ஜூலை 12ஆம் திகதி அதிபர், ஆசிரியர் சங்கங்கள் ஒன்லைன் வகுப்புகளைப் பகிஷ்கரிக்கத் தொடங்கின. 24 வருசமாக இழுபடும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஆரம்பித்த அந்தப் போராட்டம் ஒக்டோபர் 25 வரைக்கும் போனது. அந்த மூணு மாசமும் முகநூலைத் திறந்தா ஒரே கதைதான்: "கவர்மென்ட் வேலை, யாரும் தூக்க ஏலாது எண்ட தைரியம்." பிள்ளைகளோட படிப்பு நாசமாப் போகுதே என்ற கவலை நியாயமானதுதான். ஆனா அதுக்கு மருந்தா எல்லாரும் சொன்னது, நிரந்தர நியமனத்தையே எடுத்துவிடணும் என்பது. வேலை போயிடும் என்ற பயம் இருந்தாத்தான் ஒழுங்காப் படிப்பிப்பாங்களாம்.

இந்த யோசனை நம்ம நாட்டில மட்டும் இல்ல. 2014இல் கலிபோர்னியாவில் 'வெர்காரா' வழக்கில் ஒரு நீதிபதி, ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்புச் சட்டங்கள் மாணவர்களின் உரிமையை மீறுகின்றன என்று தீர்ப்புச் சொன்னார். 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மோசமான ஆசிரியர் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைக்குப் போய்ச் சேருவது சட்டத்தால் அல்ல, யாரை எங்கே அனுப்புவது என்று நிர்வாகம் எடுக்கும் முடிவுகளால்தான் என்று அந்த நீதிமன்றம் பார்த்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க.

நிரந்தரம் இல்லாத ஆசிரியர் எப்பிடிப் படிப்பிப்பார் என்று தெரிஞ்சுக்க அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்ல. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் ரோட்டிலயும் உடப்பு, முந்தல் பக்கத்திலயும் இருக்கிற தமிழ்மொழிப் பாடசாலைகளைப் பாருங்க. 'தொண்டர் ஆசிரியர்' இங்கே பழைய சொல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். ஓலைக் கொட்டில்களில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, ஏ.எல். முடித்துவிட்டுச் சும்மா இருந்த பிள்ளைகளே சோக்கட்டியை எடுத்தார்கள். முகாம்கள் ஊர்களாகிவிட்டன. தொண்டர் ஆசிரியர் என்ற ஏற்பாடு மட்டும் போகல்ல.

எனக்கு ஓ.எல். கணிதம் படிப்பித்த டீச்சரும் அப்படி ஒருவர்தான். சம்பளம், பெற்றார்கிட்ட சேர்க்கிற காசு. மீன் படாத மாசத்தில அதுவும் இல்ல. தொழிலுக்குப் போகிற வாப்பாமார்கிட்ட அந்த மாசம் யார் போய்க் கேட்பது? அவரைத் தூக்குவதற்கு விசாரணை வேண்டாம், கடிதம் வேண்டாம், "நாளைக்கு வரவேணாம்" என்ற ஒரு வார்த்தை போதும். பயம்தான் நல்ல ஆசிரியரை உருவாக்கும் என்றால், இலங்கையிலேயே சிறந்த பெறுபேறு நம்ம கரையில்தான் வந்திருக்கணும். நடந்தது வேற. டீச்சர் திறமாத்தான் படிப்பித்தார். ஆனா மூணாம் தவணையில் வேற வேலை கிடைச்சுப் போயிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல்ல. பரீட்சைக்கு முன் எங்களுக்குக் கணிதத்துக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான்.

நிரந்தரத்துக்கு ஒரு காரணமும் இருக்கு. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கும் அதிகமான ஊழியர்கள் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். அந்தக் காயம் இன்னும் தொழிற்சங்கங்களின் நினைவில் இருக்கு. இவ்வளவு பெரிய அடி வேண்டாம், சின்ன ஊர் அரசியலே போதும். அரசியல்வாதியோட மகனுக்குப் புள்ளி குறைச்சுப் போட்டா, கூட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்று சொன்னா, அடுத்த நாள் வேலை இருக்குமா? மூன்று வருசத் தகுதிகாண் காலமும், தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் உள்ள விசாரணை முறையும் அந்த ஆசிரியருக்குக் குடை மாதிரி.

குடைக்குக் கீழ சில சோம்பேறிகளும் ஒதுங்குவாங்க, அதை மறுக்க ஏலாது. வகுப்பில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, பின்னேரம் டியூஷனில் மட்டும் தொண்டை கிழியக் கத்துறவங்க எல்லா ஊரிலயும் இருக்காங்க. ஆனா அவங்களை விசாரித்து நீக்குவது முடியாத காரியம் இல்ல. இழுபடுகிற, அலுப்பான காரியம். அதனால நிர்வாகம் சுலபமான வழிக்குப் போகிறது: இடமாற்றம். "தண்டனை இடமாற்றம்" என்ற சொல்லை ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நகரத்துப் பாடசாலைக்கு வேண்டாத ஆளை பஸ் குறைஞ்ச, உப்புக்காத்து அடிக்கிற பாடசாலைக்கு அனுப்புறாங்க. அவருக்கு அது தண்டனை. அங்கே படிக்கிற பிள்ளை என்ன குற்றம் செஞ்சது?

இன்னொரு பக்கம், மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ நியமனம் கிடைச்சு வரும் நல்ல டீச்சர். தங்க விடுதி இல்ல, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனா திங்கட்கிழமை வந்து சேர்றதே போராட்டம். காலம் முடிய முன்னமே மாற்றத்துக்கு விண்ணப்பம் போடுறார். அவரது வேலை அவருக்கு எங்கே போனாலும் நிரந்தரம். அவர் விட்டுட்டுப் போன கதிரைதான் நிரந்தரம் இல்ல. அந்தக் கதிரையில் திரும்பவும் ஒரு தொண்டர் ஆசிரியர் வந்து உட்காருகிறார்.

2020இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுக்கு எடுத்தாங்க. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் அவங்கள்ல பலர் பாடசாலைகளுக்கு வந்து வகுப்பும் எடுக்கிறாங்க. ஆனா ஆசிரியர் சேவையில் சேர்க்கச் சொல்லி ரோட்டில நிக்க வேண்டி வந்தது. ஆக ஒரே ஓய்வறையில் மூணு வகை ஆட்கள் ஒரே தேத்தண்ணியைக் குடிக்கிறாங்க: முழு ஆசிரியர், ஆசிரியர் வேலை செய்யும் உத்தியோகத்தர், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தொண்டர்.

நிரந்தரத்தைப் பறிக்கக் கூடாது, அதை இடத்தோடு கட்டணும் என்பது என் கருத்து. இந்தக் கோட்டத்திலேயே படிச்ச, இங்கேயே இருக்கப் போகிற பிள்ளைகளைக் கல்வியியற் கல்லூரிக்கு எடுத்து, இதே பாடசாலைகளுக்கு நியமிக்கணும். உள்ளூர்ச் செல்வாக்கு விளையாடும் என்று சொல்வாங்க. விளையாடத்தான் செய்யும், அதனால தெரிவு போட்டிப் பரீட்சை மூலமாக இருக்கணும். வெளியூரிலிருந்து வாறவங்களுக்கு நியமனக் கடிதத்தோட ஒரு அறையும் கொடுக்கணும். தொண்டர்களாக வருசக் கணக்கில் நின்றவங்களைப் பரீட்சை எழுத வைங்க, ஆனா வயசைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தாதீங்க. அவங்க வயசு போனதே நம்ம வகுப்பறைகளில்தான்.