மூளையின் மடிப்பு வரைபடத்தில் பெண்கள் எங்கே?

உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து அனுப்பினால், எந்த நோய்க்கு எவ்வளவு அபாயம் என்று கணித்துச் சொல்லும் மரபணுப் பரிசோதனைகள் பெருகிவிட்டன. அவை படிப்பது டிஎன்ஏவின் எழுத்து வரிசையை மட்டுமே. மூளை நோய்களைப் பொறுத்தவரை அது பாதி வாசிப்பு என்றே கருதுகிறேன்.

ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அகலமே கொண்ட உட்கருவுக்குள் மடிந்து கிடக்கிறது. இழையில் தொலைவில் உள்ள ஊக்கிப் பகுதி, மடிப்பின் காரணமாக ஒரு மரபணுவை நெருங்கும்போது அதை இயக்குகிறது. எல்லா செல்களிலும் இழை ஒன்றுதான், மடிப்பு ஒன்றல்ல.

அல்சைமர் நோயோடு தொடர்புடைய ‘பிஐஎன்1’ மரபணுவையே எடுத்துக்கொள்வோம். அபாயத்தைக் கூட்டும் மாற்றம் மரபணுவுக்குள் இல்லை. அதற்கு வெளியே ஓர் ஊக்கியில் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் அந்த ஊக்கியை ஆய்வகச் செல்களிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு வியப்பளித்தது: மூளையின் துப்புரவுப் பணியாளர்களான மைக்ரோக்ளியா செல்களில் மரபணு ஓய்ந்துபோனது; நரம்பு செல்களில் வழக்கம்போல் இயங்கியது. மருந்து எந்தச் செல்லைக் குறிவைக்க வேண்டும் என்பதை எழுத்து வரிசை மட்டும் சொல்லாது.

ஆகவேதான், 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான மனித மூளை வரைபடத்தை முக்கியமானதாகக் கருதுகிறேன். மூளையின் 46 பகுதிகளிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமான செல்களை ஆராய்ந்து, 188 செல் வகைகளை அது பிரித்துக் காட்டியது. நரம்பு செல்களில் டிஎன்ஏவின் அண்மைத் தொடர்புகள் மிகுதி; மற்ற செல்களில் தொலைத் தொடர்புகள் மிகுதி. மகத்தான உழைப்பு, ஐயமில்லை. ஆனால், மூளை மூன்று பேருடையது, மூவரும் ஆண்கள்.

அல்சைமர் நோயாளிகளிலோ பெண்களே அதிகம். 1949இல் கனடாவில் முர்ரே பாரும் அவருடைய மாணவர் பெர்ட்ராமும் பெண் பூனைகளின் நரம்பு செல்களில் மட்டும் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். இறுகச் சுருண்டு செயலடங்கிய எக்ஸ் குரோமோசோம் அது என்பது பின்னர் தெளிவானது. மடிப்பில் ஆண், பெண் வேறுபாடு உண்டு என்பதற்கான தடயம், அதுவும் மூளை செல்லிலேயே, முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அடுத்த வரைபடத்துக்கு நிதி வழங்குவோர், பெண்களின் மூளையையும் சேர்க்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக்க வேண்டும்.